தனிலோவின் பங்கு

பகல் தூக்கத்திலிருந்து விழித்தபோது ரதோய்காவின் வாயில் ஆப்பிள் ருசித்தது.

கனவின் மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஜூலை வெயிலுக்குப் பயந்து ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டிருந்ததால் அறை இருண்டு கிடந்தது. இடுக்குகளின் வழியே கோடு கோடாக விழுந்த வெளிச்சத்தில் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை ஸோர்கா, மூக்கடைத்த சின்ன மூச்சோடு உறங்கிக்கொண்டிருந்தாள். மொராவா நதிக்கு அந்தப் பக்கம் யாரோ டிராக்டரை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, முதல் பறிப்புக்கே உரிய பச்சை வாசனை. கடைவாய்ப் பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்புக் கோடு ஓடிய மெல்லிய தோல்.

அந்த வீட்டுக்குள் ஆப்பிள் கிடையாது. பிப்ரவரியிலிருந்தே கிடையாது.

ஒரு ஆப்பிளைத் தின்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் பிள்ளையைப் பறிகொடுக்காதவர்கள். அந்த வட்டாரத்து ஊர்களில், குழந்தையை மண்ணுக்குக் கொடுத்த தாய் பேதுரு திருநாள் வரும்வரை ஆப்பிளை வாயில் வைக்க மாட்டாள். திருநாளன்று மேலே, செத்துப்போன பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு ஆப்பிள் கொடுப்பார்களாம். எந்தத் தாய் பொறுக்கமாட்டாமல் முன்னாலேயே தின்றுவிட்டாளோ, அவள் பிள்ளையின் முறை வரும்போது, ‘உன் பங்கை உன் அம்மா தின்றுவிட்டாள், போ’ என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்களாம். ரதோய்கா வேதியியல் படித்தவள், ஜாம் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். நாலு வயது தனிலோவைப் புதைத்த பிறகு சிரிக்கவில்லை. நம்பினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தின்னவில்லை. கொல்லைப்புறத்து ஆப்பிள் மரத்தின் பக்கம்கூட அவள் போவதில்லை.

கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். உள்ளங்காலில் புல் ஒட்டியிருந்தது.

சமையலறையின் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. படியில் ஒரு ஆப்பிளின் நடுத்தண்டு, விதை தெரியும் அளவுக்குச் சுத்தமாக, ஒரு நார்கூட விடாமல் கடித்துத் தின்னப்பட்டுக் கிடந்தது. இன்னும் பழுப்பேறவில்லை. அவ்வளவு பசியோடு யார் தின்றது? அவள் கை பிசுபிசுத்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, படியோரத்துப் பூச்சாடியின் மண்ணை விரலால் தோண்டி அதைப் புதைத்தாள். பிறகு தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தாள். வரவில்லை. திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் காலையில் நெவென்கா வந்தாள். கணவன் மிலுதினின் அண்ணன் மனைவி, அடுத்த வீடு. கதவைத் தட்டுவது என்ற பழக்கமே இல்லாதவள்.

“ஏண்டி, முன்கதவையும் திறந்து பின்கதவையும் திறந்து நடுவுல பிள்ளையப் போட்டு வச்சிருக்க? காத்து நேரா அடிச்சா காதுல சீழ் வச்சிடும். காலேஜ் போனவளுக்கு இதெல்லாம் சொல்லித் தரலையா?”

“வெயில் கொளுத்துது அக்கா.”

“வெயில் யாரையும் கொன்னதில்ல. காத்துதான் கொல்லும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தானே அடுப்படிக்குப் போய்க் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். நல்லவள்தான். வாய்தான் அவளுக்கு முன்னால் ஓடும்.

காபி பொங்கி அடங்கியதும் நெவென்கா பேச்சை மாற்றினாள். “திருநாளுக்குக் கூடை நான் தயார் பண்ணிடறேன். எங்க மரத்துலயே நல்ல பழமாப் பறிச்சு வைக்கிறேன். நீ கல்லறைக்கு வந்து உன் கையால பிள்ளைங்களுக்குக் கொடு, போதும். கீழ ஒரு பிள்ள வாயில போறது மேல தனிலோ வாயில போகும்.”

“அக்கா, ஒருத்தி தெரியாமத் தின்னுட்டா?”

“தெரியாம எப்படிடி தின்னுவா?”

“தூக்கத்துல... இல்ல, யாராவது பலகாரத்துல கலந்து கொடுத்து...”

நெவென்காவின் கோப்பை பாதி வழியில் நின்றது. “நீ தின்னியா?”

“இல்ல. சும்மா கேட்டேன்.”

நெவென்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். “எங்க அம்மா ஊர்ல ஒருத்தி தின்னா. அதுக்கப்புறம் அவளுக்குத் தூக்கமே இல்லாமப் போச்சு. மேல பங்கு கிடைக்காத பிள்ள வேற எங்க போகும்? பெத்தவகிட்டதான வரும்?” பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்தாள். “விடு, வேலையத்தவங்க கட்டின கதை. காபி ஆறுது, குடி.”

போகும்போது பின்வாசல் வழியாகப் போனாள். பூச்சாடியின் பக்கத்தில் ஒரு கணம் நின்றதை ரதோய்கா பார்க்கவில்லை.

அன்று மிலுதினுக்கு இரண்டாவது ஷிஃப்ட். காகித ஆலையிலிருந்து வர வெகு நேரமாகும். சாயங்காலம் மெதுவாக மங்கியது. வெயிலில் காய்ந்த சுவர்கள் பகலெல்லாம் குடித்த சூட்டை வீட்டுக்குள் ஊதின. தெருவில் பசு மாடுகள் திரும்பிப்போன சாண வாசனையும் யார் வீட்டிலோ மிளகாய் சுடும் வாசனையும் கலந்து வந்தன. ரதோய்கா படுக்கையறையில் ஸோர்காவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சமையலறையில் அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

மரமேசையின் விளிம்பில் கரண்டி.

தனிலோ பசித்தால் அழ மாட்டான். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஓட்டலுக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி கரண்டியால் மேசையைத் தட்டுவான். “வந்துட்டேன் முதலாளி, வந்துட்டேன்” என்று மிலுதின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவான். அந்தக் கரண்டி, அந்த நாற்காலி, எல்லாவற்றையும் மிலுதின்தான் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினான். அதற்குப் பிறகு அவன் மகனின் பெயரை வாயால் சொன்னதில்லை.

டொக். டொக்.

அவள் அசையவில்லை. அவளுக்குத் தெரியும், இது பசியின் சத்தம். அந்தப் பசிக்கு அவளே பொறுப்பு.

நகரத்து மருத்துவமனையில் அவனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டதென்று சொன்னார்கள். அறுவை முடியும்வரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள்; அது சரியான யோசனைதான், எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். “அம்மா, ஒரு வாய். ஒரே ஒரு வாய்” என்று அவன் பகல் முழுக்கக் கேட்டான். “இப்ப வேணாம் கண்ணா, அப்புறம் தரேன்” என்று அவள் பகல் முழுக்கச் சொன்னாள். வயிற்றில் ஸோர்கா இருந்தாள், தலை சுற்றியது. தாழ்வாரத்துக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பையிலிருந்த ரொட்டியை அவசர அவசரமாகத் தின்றாள். திரும்பி வந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவன் அவள் முகத்தை முகர்ந்தான். “நீ மட்டும் சாப்பிட்ட” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட மாதிரி சொன்னான். அதன்பிறகு தள்ளுகட்டிலில் வைத்து அழைத்துப் போனார்கள். அறுவை மேசையிலிருந்து அவன் உயிரோடு இறங்கவில்லை. அந்த ரொட்டியைப் பற்றி ரதோய்கா யாரிடமும் சொன்னதில்லை.

“இப்ப வேணாம் கண்ணா” என்று அவள் உதடு தானாக அசைந்தது.

சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று தரையில் பின்னுக்கு இழுபட்டது.

அவள் ஸோர்காவை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலின் மூலைக்கு நகர்ந்தாள். மிலுதின் வந்து விளக்கைப் போடும்வரை அங்கேயே இருந்தாள்.

அதற்கடுத்த நாட்களில் ஸோர்கா அழத் தொடங்கினாள். மார்பில் வாயை வைப்பாள், நாலு இழுப்பு இழுப்பாள், தலையைப் பின்னுக்கு வளைத்துக் கத்துவாள். பாலில்லை. ரதோய்காவுக்கு அது விளங்கவில்லை. மதியம் கண்ணயரும்போது மார்பு கல்லாகக் கனத்திருக்கும், விழிக்கும்போது தொய்ந்து போயிருக்கும். சட்டைப் பொத்தான்கள் திறந்திருக்கும். காம்பைச் சுற்றிச் சிவந்திருக்கும். ஒருநாள் கண்ணாடி முன் நின்று உற்றுப் பார்த்தாள். சிவப்பில்லை அது. புள்ளி புள்ளியாக, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு.

மிலுதின் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

“என்ன இது?”

“ஸோர்கா.”

“ஸோர்காவுக்குப் பல் ஏது?”

அவள் சட்டையை இழுத்து மூடினாள். மிலுதின் பெரிய உடம்புக்காரன். எதுவும் செய்யத் தெரியாதபோது கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பான். இப்போதும் தவித்தான்.

“ராதா,” என்றான், அவளைச் செல்லமாகக் கூப்பிடும் பெயரால். “நீயே பண்ணிக்கிறியா? கோபிக்க மாட்டேன். சொல்லு.”

“எனக்குப் பைத்தியம்னு நினைக்கிற.”

“பசிக்குதா உனக்கு? ராத்திரி ரொட்டியெல்லாம் கடிச்சுப் போட்டிருக்கு. பாலாடைக்கட்டி காணோம். தின்னு, யாரு வேணாம்னா? ஆனா உக்காந்து தின்னு. விளக்கைப் போட்டுக்கிட்டுத் தின்னு.”

அவள் எதையும் தின்னவில்லை. சில நாட்களாக அவளுக்கு எதுவும் இறங்கவே இல்லை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்பதால் தலையை ஆட்டிவைத்தாள்.

வீடு வீடாக வந்து பிள்ளைகளைப் பார்க்கும் தாதி அந்த வாரம் வந்தாள். கையோடு கொண்டுவந்த தராசில் ஸோர்காவைக் கிடத்தினாள். முள்ளைப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி கிடத்தினாள்.

“இறங்கியிருக்கும்மா. இந்த வயசுல ஏறணும், இறங்கவே கூடாது. பால் இருக்கா?”

“இருக்கு. வழியுது.”

“அப்ப அது எங்க போகுது?”

தாதி தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பா பால்மாவு எடுத்து மேசைமேல் வைத்தாள். மிலுதினைத் தனியாகக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. குழந்தையைத் தனியாக விடாதீங்க. இது தீர்ந்ததும் உடனே வாங்குங்க. இந்த நிலைமைல ஒரு நாள்கூடப் பட்டினி தாங்காது. அம்மாவையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

“திருநாள் முடியட்டும், வரேன்” என்றாள் ரதோய்கா. அவள் கணக்கு அதுதான். திருநாள் வந்தால் கூடை ஆப்பிள் முழுவதையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் தின்பார்கள், அவனுக்குக் கிடைத்துவிடும். கிடைத்துவிட்டால் அவன் ஏன் இறங்கி வரப்போகிறான்? ஸோர்காவின் பால் ஸோர்காவுக்கே இருக்கும். படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

திருநாளுக்கு முந்தின மதியம் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான். சமையலறை மேசையில் கரண்டி கொஞ்ச நேரம் தட்டியது. நின்றது. வெறுங்கால் ஈரமாக ஒட்டிப் பிரியும் ஓசை நடையில் வந்தது, அவசரமில்லாமல். கதவு அசைந்தது. மெத்தையின் ஓரம் தாழ்ந்தது. அயோடின் வாசனை; அதற்கடியில் மண். அவள் மோவாய்க்குக் கீழே குளிர்ந்த தலைமுடி உரசியது. சின்ன விரல்கள் ஒவ்வொரு பொத்தானாகப் பொறுமையோடு கழற்றின. கண்ணைத் திறந்தால் போய்விடுவான். கண்ணைத் திறந்தால் போகாமலும் இருப்பான். அவளுக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷம்தான் அவளை உலுக்கியது. தொட்டிலில் ஸோர்கா பசித்து முனகினாள். ரதோய்காவால் கையை எடுக்க முடியவில்லை. கை அவன் பிடரியில் இருந்தது, தட்டிக்கொண்டிருந்தது.

திருநாளன்று காலையில் ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. கல்லறைக் கற்களின்மேல் துணி விரித்து ரொட்டி, பாலாடைக்கட்டி, பிராந்தி எல்லாம் பரப்பியிருந்தார்கள். மெழுகுத்திரிகள் வெயிலில் எரிவதே தெரியாமல் வளைந்து உருகின. பாதிரியாரின் தூபம் பச்சைப் புல்வெளியின்மேல் தவழ்ந்தது. பிள்ளைகள் கல்லறைக்குக் கல்லறை ஓடி, நீட்டியதையெல்லாம் வாங்கிச் சட்டையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரதோய்கா ஸோர்காவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, நெவென்கா தந்த கூடையோடு தனிலோவின் கல்லருகே நின்றாள். மிலுதின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

ஒரு பிள்ளையும் அவளிடம் வரவில்லை.

கடைசியில் அவளே ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் நீட்டினாள். “வாங்கிக்கோ தங்கம். தனிலோ பேரால.”

அந்தப் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வாங்கக்கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“அம்மா. நீங்க முன்னாடியே தின்னுட்டீங்களாமே.”

கறுப்புத் துணி கட்டிய தலைகள் திரும்பின. நெவென்காவின் முகம் சுண்டிப்போனது.

“ரதோய்கா, நான் ஒருத்திகிட்டதான்டி சொன்னேன். ஜாடி மண்ணு கிளறியிருந்துச்சு, உள்ள ஆப்பிள் தண்டு கிடந்துச்சு. பார்த்தேன். வாய் தவறி...”

“உன் வாய்ல கொள்ளியை வைக்க!” என்று மிலுதின் கத்தினான். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க, நறுக்கென்று கடித்தான். “பாருங்க! நான் தின்னுட்டேன். என் மகன் பேரால நான் தின்னுட்டேன். போதுமா?” சாறு மோவாயில் வழிந்தது. கண்ணீரும் வழிந்தது. பெரியவர்கள் தின்பது கணக்கில் வராது என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ரதோய்காவின் கையில் இன்னொரு பிள்ளை இருந்தது. அவள் ஒரு பழத்தைக் கடித்து, நசுக்கி, ஒரு சொட்டுச் சாற்றை ஸோர்காவின் உதட்டில் பிழிந்தாள். “தனிலோ பேரால. குடிம்மா. நீயாவது குடி.” ஸோர்கா முகத்தைச் சுளித்தாள். குடல் சுருங்க எக்கி வாந்தியெடுத்தாள். உள்ளே எதுவும் இல்லாததால் வெறும் நுரைதான் வந்தது. மிலுதின் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டான். மூவரும் யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள்.

டப்பாவில் பால்மாவு தீர்ந்திருந்தது.

“நகரத்துல மருந்துக்கடை ஒண்ணு இன்னிக்கும் திறந்திருக்கும்” என்றான் மிலுதின், வண்டிச் சாவியைத் தேடியபடி. “போன உடனே வந்துடறேன். நெவென்காவ வந்து உக்காரச் சொல்லட்டுமா?”

“அவ முகத்துல நான் முழிக்க மாட்டேன்.”

“அப்ப கதவைத் திறந்து வை. பிள்ள அழுதா மடியில வச்சிக்கோ. பால் வந்தாலும் வரும், வராட்டியும் போகுது, வாயை வைக்கட்டும்.” வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். “ராதா. நமக்கு இருக்கறது இவ ஒருத்திதான்.”

வண்டிச் சத்தம் தேய்ந்தது. அவள் ஜன்னல் பலகைகளை இறக்கினாள். வெயிலுக்காக இறக்குவதாகத்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள். கதவைத் தாழிட்டது எப்போது என்று அவளுக்கு ஞாபகமில்லை.

ஸோர்காவின் அழுகை மெலிந்துபோயிருந்தது, பழைய கதவின் கீல் மாதிரி. ரதோய்கா நாற்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டாள். மார்பு கனத்திருந்தது. அதிசயமாக, இன்று கனத்திருந்தது. தொடுமுன்னே பால் கசிந்து சட்டை நனைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. இருக்கிறது, ஸோர்காவுக்கு இருக்கிறது. காம்பைக் குழந்தையின் வாயில் வைத்தாள். ஸோர்கா பிடித்துக்கொண்டாள். ஒரு இழுப்பு. இரண்டு. தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினாள்.

டொக்.

சமையலறையில் அல்ல. இந்த அறையில்தான். தொட்டிலின் மரத்தில்.

“அம்மா.”

அவள் நிமிரவில்லை. ஸோர்காவின் உச்சியைப் பார்த்தாள். அங்கே தோல் துடிப்பதைப் பார்த்தாள். குடி. குடி. நிறுத்தாதே.

“அம்மா, அங்க எனக்குத் தரல.”

குரல் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அயோடின். மண். மடியின் ஓரத்தில் ஒரு கை. ஸோர்காவின் கை சூடாக இருந்தது. இந்தக் கை குளிர்ந்திருந்தது.

“ஒரு வாய். ஒரே ஒரு வாய்.”

“இப்ப வேணாம்...” என்று தொடங்கினாள். ஒரு பகல் முழுக்கச் சொன்ன அதே சொல். கண்ணா, அப்புறம் தரேன். அவளுக்குத் தெரியும், இப்போது அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஸோர்கா பிழைப்பாள். ஒரே ஒரு முறை. சொல்.

அவன் எட்டி அவள் வாயை முகர்ந்தான்.

“நீ மட்டும் சாப்பிட்ட” என்றான்.

சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ரதோய்கா விரலை விட்டு ஸோர்காவின் வாயை மெதுவாக விடுவித்தாள். எழுந்தாள். தொட்டிலில் கிடத்தினாள். ஸோர்கா வாயைத் திறந்து மூடினாள், காற்றைக் குடித்தாள், பிறகு அழுதாள். ரதோய்கா திரும்பி வந்து உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

“வா.”

ஏறினான். கனமாக இருந்தான். பற்கள் பதிந்தன. வலித்தது. வலிக்கட்டும்.

குடித்தான். கண்ணை மூடிக் குடித்தான். தலைமுடியைக் கோதினாள். குளிர்ந்த முடி. அழாதே ஸோர்கா, அண்ணனுக்கு ஆனதும் உனக்குத்தான். அண்ணன் ரொம்ப நாளாகப் பசியோடு இருக்கிறான். கொஞ்சம் பொறு. கொஞ்சம்.

தொட்டிலின் அழுகை விட்டு விட்டு வந்தது. பிறகு நீளமான இடைவெளி.

வெளியே வண்டி வந்து நின்றது. கதவில் கை. “ராதா?” தாழ்ப்பாள் ஆடியது. “ராதா, கதவைத் திற. பால் வாங்கிட்டேன். திற!” கதவில் தோள் மோதும் சத்தம்.

அவள் மடி நனைந்திருந்தது. முதலில் ஸோர்காவின் ஈரம் என்று நினைத்தாள். பாவாடை தொப்பலாகி, கணுக்காலில் சொட்டி, தரைப் பலகையில் வெள்ளையாகப் பரவிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக. புதைத்த அன்று அவனுக்கு அவள் கையால் போட்டுவிட்ட நீல ஸ்வெட்டர், வயிற்றோடு ஒட்டி ஊறியிருந்தது. அன்றைக்கு அதைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இப்போது தூக்கினாள்.

நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை கறுப்பு நூலில் பெரிய பெரிய தையல். அவன் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் தையலின் இடுக்குகள் உதடுபோல் விரிந்தன. குடித்த பால் எல்லாம் அந்த வழியாக வழிந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே தங்கவில்லை.

அவன் வாயை எடுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“அம்மா, இன்னும் பசிக்குது.”

கதவின் மரம் பிளந்தது. தொட்டிலில் சத்தமே இல்லை. ரதோய்கா மகனை மெதுவாகத் திருப்பி, அடுத்த பக்கம் போட்டுக்கொண்டாள்.